குனிந்து பாருங்கள், சார்!

கேள்வி: என் பழைய ஈகோ வேன் நேற்றுவரை பரம சாது. இன்று காலை ஸ்டார்ட் செய்ததும் தெருவே எட்டிப் பார்க்கிறது. என்ன ஆகியிருக்கும்?
- வாசகர், ஆம்பூர்

பதில்: முதலில் சைலன்சர் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கிண்டல் இல்லை. குஜராத், மும்பை பக்கம் ஈகோ சைலன்சரையே குறிவைத்துக் கழற்றிய கும்பல்கள் பிடிபட்டிருக்கின்றன. சைலன்சரோடு சேர்ந்து வரும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறதே! நாமோ தங்கத்தைப் பீரோவில் பூட்டிவிட்டு, இதைத் தெருவில் நிறுத்துகிறோம்.

சைலன்சர் இருக்கிறது என்றால், காதைத் தீட்டுங்கள். இன்ஜின் பக்கம் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் மேனிஃபோல்டு பேக்கிங் போயிருக்கும். பின்னால் 'டமடம' என்றால் சைலன்சர் டப்பாவில் ஓட்டை. வண்டி ஆறியபின் கரி படிந்த இடத்தைத் தேடுங்கள். அங்கேதான் புகை கசிகிறது. வீட்டிலிருந்து ஷூ கம்பெனி வரை மட்டுமே ஓடும் வண்டியில் குழாய் முழுதாகச் சூடாகாது, உள்ளே தண்ணீர் தங்கும், துரு சீக்கிரம் தின்றுவிடும். சின்ன ஓட்டைக்கு வெல்டிங் போதும். டப்பாவே உளுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிரியாணி வாசனையையும் தோல் ஷெட் வாடையையும் ஒரே மூச்சில் பிரித்தறியும் ஆம்பூர் மூக்குக்கும், கசியும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு பிடிபடாது. அதற்கு மணமே கிடையாது. மெக்கானிக்கிடம் போகும்வரை ஜன்னல்களைத் திறந்தே ஓட்டுங்கள். தலைவலி, கிறுகிறுப்பு வந்தால் உடனே நிறுத்தி இறங்கிவிடுங்கள்.

சத்தம்தானே என்று விட்டுவிடவும் முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.