லைன்: வாளையாரிலிருந்து வட்டவடை வரை ஓர் ஆய்வு

‘லைன்’ என்றால் கோடு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலும் இடுக்கியின் மலை ஓரத்திலும் இருக்கும் தமிழர்கள் பொழுது விடிந்தால் இந்தச் சொல்லோடுதான் புழங்குகிறார்கள். ஆனால் கோடு என்ற பொருளில் அதைச் சொல்பவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கொழிஞ்சாம்பாறையில் லைன் போய்விட்டது என்றால் கரண்ட் இல்லை. மீனாட்சிபுரத்தில் ஒருவர் லைனுக்குப் போயிருக்கிறார் என்றால் வட்டி வசூலுக்கோ, கடை கடையாக ஆர்டர் எடுக்கவோ போயிருக்கிறார். சித்தூரில் ஒருத்திக்கு லைன் இருக்கிறது என்றால் அது அவள் வீட்டார் விசாரிக்க வேண்டிய சங்கதி. மூணாறில் லைன் வீடு, குமுளியில் லைன் பஸ், ரேஷன் கடையில் லைன், போனில் லைன், போதாததற்கு லைன்மேன் என்று ஓர் அரசு உத்தியோகம். ஒரு சொல்லை இப்படிச் சிதற அடித்துவிட்டார்களே என்று வருந்துவோர் உண்டு. வருந்தத் தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. லைன் என்பது கோடு அல்ல, கயிறு. ஆங்கிலேயர் மறந்துபோன அந்தப் பொருளை எல்லைத் தமிழர்கள் விடாமல் பிடித்திருக்கிறார்கள். கயிறு என்றால் இரண்டு முனை உண்டு. ஒரு முனையில் இழுப்பவர், மறுமுனையில் இழுபடுபவர்.

முதல் சான்று லத்தீனிலிருந்து. ஆளிச் செடிக்கு அங்கே லீனும் என்று பெயர். சர்க்கரை நோயாளிகள் இப்போது மோரில் கலந்து குடிக்கிறார்களே, அந்த ஆளி விதை இந்தச் செடியுடையதுதான். அதன் நாரில் திரித்த நூல் லீனியா. அதே நாரில் நெய்த துணி லினன்; உடுப்பின் உள்பக்கத்தில் அந்தத் துணியை வைத்துத் தைத்ததால் லைனிங். ஆக, பிளவுசுக்கு லைனிங் வைக்கணுமா என்று கேட்கும் கொல்லங்கோட்டு டெய்லர், ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்களைவிட மூலத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் வைக்கப்போவது பருத்தித் துணி என்பது இந்த ஆய்வைப் பாதிக்காது. பழைய ஆங்கிலத்திலும் இந்தச் சொல் கயிற்றைத்தான் குறித்தது. தச்சரும் கொத்தனாரும் கயிற்றைப் பிடித்து நேர் பார்த்தார்கள். கயிற்றைச் சுருட்டி வைத்த பிறகு அடையாளம் மிஞ்சியது. அடையாளத்துக்கே பேர் ஒட்டிக்கொண்டது. நம் கொத்தனார் அந்தக் குழப்பத்துக்கு இடம் கொடுக்கவில்லை. அவருக்கு நூல் நூலாகவே இருக்கிறது. சுவர் நேராக வந்தால் நூல் பிடித்த மாதிரி. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பிசகினால் அதுவும் ஒரு நூல்தான். மூணாறு மலையின் போக்குவரத்தும் இந்தப் பக்கமே சாட்சி சொல்கிறது. 1902-இல் குண்டளப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விட்டார்கள், 1908-இல் அதைச் சிறு ரயிலாக மாற்றினார்கள், 1924 வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போயிற்று. ஆனால் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்த தேயிலைப் பெட்டி அங்கிருந்து போடிப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது தண்டவாளத்தில் அல்ல, ரோப்வேயில்.

எதிர்வாதிகளில் பலசாலிகள் லயக் கட்சியினர். மூணாறிலும் பீர்மேட்டிலும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். இது ஆங்கிலமே அல்ல, குதிரை கட்டும் லாயம்தான் குறுகிவிட்டது என்பது அவர்கள் வாதம். அறைகளின் அளவைப் பார்த்தவர்கள் இந்த வாதத்தைச் சட்டென்று தள்ளிவிட மாட்டார்கள். இன்னொரு சாரார் சங்கீதத்துக்குப் போகிறார்கள். மணி ஐயரின் மிருதங்கத்தால் பேர் பெற்ற பாலக்காட்டில் லயம் என்றால் தாளத்தின் உயிர். அதே சொல் இடுக்கிக்குப் போனால் ஒழுகும் கூரை. இரண்டையும் ஒரே வேரில் கட்டுவதற்கு மிகுந்த பக்தி வேண்டும். உண்மை எளியது. டைம் டயம் ஆன வழியிலேயே லைன் லயன் ஆயிற்று. நலன் நலமாகவும் அறன் அறமாகவும் மாறி நிற்பதை இலக்கணம் ஒப்புக்கொள்ளும்போது, லயன் லயமாவதை மட்டும் யார் தடுக்க முடியும்? இலங்கை மலையகத்தில் லயன், லயம் இரண்டும் இன்றும் அருகருகே புழங்குகின்றன. லாயத்திலிருந்து வந்திருந்தால் அந்த னகரத்துக்கு அங்கே என்ன வேலை?

சரி, அதில் கயிறு எங்கே என்று கேட்பீர்கள். வீடு வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. தொழிலாளிக்கு வீடு கொடுப்பதை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் கடமையாக்கியது. வேலை முடிந்தால் வீட்டையும் விட வேண்டும். மகளோ மருமகளோ கொழுந்து கிள்ளப் போனால்தான் ஓய்வுபெற்ற பாட்டிக்குப் படுக்க இடம். 2015 செப்டம்பரில் மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்த பெண்கள் போனஸ், கூலியோடு லயத்தின் நிலைமையையும் சேர்த்துத்தான் பேசினார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் போனார்கள். அந்தச் சரிவின் கீழ் அவர்கள் குடியிருந்தது வேலை அங்கே இருந்ததால். இந்த இடத்தில் ஆய்வாளன் கேலியைக் கீழே வைத்துவிடுவது மரியாதை.

மற்றவற்றை நிறுவ அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. கரண்ட் லைன் கண்ணுக்குத் தெரியும் கம்பி. பில் கட்டாவிட்டால் லைன்மேன் வந்து பீஸ் கட்டையைப் பிடுங்கும்போது மறுமுனை யார் கையில் என்பது விளங்கிவிடும். வட்டிக்காரரின் லைனும் அப்படியே, அதில் கம்பி மட்டும் தெரியாது. லைன் பஸ் என்ற பெயர் பெர்மிட்டில் குறித்த ரூட்டால் வந்தது என்பார்கள். இருக்கட்டும். ஆனால் கேரளத்து பஸ்ஸில் ஏறியவர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள்: கூரையை ஒட்டிப் பின்படியிலிருந்து டிரைவர் தலைக்கு மேலுள்ள மணி வரை ஒரு கயிறு போகும். கண்டக்டர் ஒருமுறை இழுத்தால் வண்டி நிற்கும், இரண்டுமுறை இழுத்தால் கிளம்பும். பெயர்க்காரணத்தை இதைவிடப் பச்சையாக யாரும் தொங்கவிட முடியாது. காதல் லைனுக்கோ தமிழே சாட்சி. நூல் விட்டுப் பார்க்கிறான் என்று சொல்லிப் பழகிய ஊருக்கு, லைன் போடுகிறான் என்பதை மொழிபெயர்த்துச் சொல்ல ஆள் தேவைப்படவில்லை. இங்கே ரயில்வே விதியும் சேர்ந்துகொள்கிறது. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் ஒப்புக்கொண்டு லைன் கிளியர் கிடைத்தால்தான் வண்டி நகரும். அதுபோல ஒரு முனையை மட்டும் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவனுக்கு லைன் இருப்பதாக ஊர் ஒப்புக்கொள்வதில்லை.

எஞ்சுவது இரண்டு ஆட்சேபங்கள். ரேஷன் கடை லைனில் கயிறு ஏது என்பது முதலாவது. திருவிழாக் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். கயிறு கட்டாத இடத்தில் அது வரிசையாக இருப்பதில்லை, வெறும் கூட்டமாகத்தான் இருக்கிறது. இரண்டாவது கொஞ்சம் கனமானது: மாநில எல்லை. 1956 நவம்பர் 1 அன்று, சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குப் போயிற்று. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்திலேயே நின்றன. இது முழுக்க முழுக்க வரைபடத்தில் இழுத்த கோடுதானே, இங்கே உங்கள் கயிறு அறுந்துவிட்டதே என்கிறார்கள். அறவில்லை. நில அளவையில் 66 அடி நீளமும் 100 கண்ணியும் உள்ள சங்கிலியைப் பிடித்துத்தான் கோடு காகிதத்துக்குப் போனது. அதைப் பிடித்தவருக்குச் செயின்மேன் என்றே பதவி. சங்கிலி என்பது இரும்பில் செய்த கயிறு. அதுவும் போதாதென்றால் செக்போஸ்டுக்கு வாருங்கள். குறுக்கே ஒரு மரம், ஒரு தலையில் பாரம், மறுதலையில் கயிறு. கயிற்றைத் தளர்த்தினால் மரம் மேலே போகும், லாரி கேரளத்துக்குள் போகும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வாளையாரில் வரி செக்போஸ்ட் மூடப்பட்டது. வனத்துறைக்கும் கலால் துறைக்கும் தனித்தனியாகக் கயிறுகள் இருப்பதால் இந்த ஆய்வுக்கு அதனால் சேதம் ஒன்றும் இல்லை. பாரம் கட்டிய தலையை ஆராய்வதா, கயிறு பிடித்த கையை ஆராய்வதா என்பதை லாரி டிரைவர்களிடம் விட்டுவிடலாம். இத்துறையில் நீண்ட களப்பணி செய்தவர்கள் அவர்கள்தான்.