வேன் மச்சான்

கூத்தாநல்லூருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று பட்டப்பெயர். சபருக்கு, அதாவது வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் சம்பாதித்துக் கட்டிய மாடிவீடுகளால் வந்தது. சபரை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டவர்களில் ஒரு வகையினர் உண்டு. அவர்களை வேன் மச்சான் என்போம். பாஸ்போர்ட் காலாவதியானாலும் இவருக்குக் கால் தரையில் பாவாது. பழைய டெம்போ டிராவலரை வாங்கி, சீட்டைக் கழற்றிக் கட்டில் போட்டு, கேஸ் அடுப்பையும் தண்ணீர் டேங்கையும் ஏற்றி, அதற்குக் கேரவன் என்று பெயரும் வைத்து, இடிந்த கட்டடங்களைத் தேடிக் கிளம்பிவிடுவார். "நல்லா இருக்குற கட்டடத்தைத்தான் துபாய்லயே பாத்தாச்சே!"

'நானும் அவளும் மட்டும்' என்றுதான் திட்டம் போடுவார். கிளம்பும்போது மச்சினி, மச்சினி பிள்ளைகள், ஒரு சட்டி பிரியாணி என்று கட்டில் நிறைந்துவிடும்.

கங்கைகொண்ட சோழபுரம் போகிற வழியில், கும்பகோணம் தாண்டி அணைக்கரைப் பாலம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டுவார். "1836ல காட்டன் துரை இந்தக் கீழணையைக் கட்டுனப்ப, கங்கைகொண்ட சோழபுரத்து மதில் கல்லைத்தான் பேத்துட்டு வந்தாங்க. அதனால பாதி இடத்தைப் பாத்தாச்சு. இறங்காதவங்க இறங்க வேணாம்."

மீதிப் பாதி மாளிகைமேடு. ராஜேந்திர சோழனின் அரண்மனை இருந்த இடம். தொல்லியல் துறை தோண்டி எடுத்த செங்கல் அடித்தளம்தான் மிச்சம். மச்சான் குத்தவைத்து உட்கார்ந்து செங்கல்லைச் சாண் போட்டு அளப்பார், மூலைமட்டம் பார்ப்பார். பிறகு பெருமூச்சு: "இம்மாம் பெரிய வூட்டைக் கட்டிட்டு ஆளில்லாமப் போட்டுட்டானே!" சொல்கிறவரின் பையில் சொந்த வீட்டுச் சாவிக்கொத்து கிலுகிலுக்கும். மாடியில் நாலு அறை. மகன்கள் ஃபோனில்தான் வந்து போகிறார்கள்.

அதற்குள் ஊர்ப்பிள்ளைகள் வேனை மொய்த்திருப்பார்கள். காவலுக்கு இருப்பவரும் சோழனை விட்டுவிட்டு, "உள்ளாற ஃபேன் ஓடுமாங்க?" என்பார். அவ்வளவுதான். அரண்மனைக்குப் பத்து நிமிஷம் கொடுத்த மச்சான், வேனைச் சுற்றிக்காட்ட ஒரு மணிநேரம் எடுத்துக்கொள்வார்.

ராத்திரி வேனிலேயே படுக்கை என்பது ஏற்பாடு. கொள்ளிடக் கரைக் கொசுவுக்கு அந்த ஏற்பாடு தெரியாது. ஒன்பது மணிக்கெல்லாம் அவருக்கு ராஜகிரிச் சம்பந்தி வீடு ஞாபகம் வரும். "வழிதான். எட்டிப் பாக்கலேன்னா கோவிச்சுக்குவாங்க." கேரவன் பயணம் சம்பந்தி வீட்டு ஏசி அறையில் இனிதே தொடரும்.

அடுத்த தடவை மல்லிப்பட்டினம் பக்கம் மனோரா. 1814இல் நெப்போலியன் வீழ்ந்ததைக் கொண்டாட சரபோஜி மன்னர் கடலோரத்தில் எட்டடுக்காக எழுப்பியது. மச்சானுக்கு இது பிடிபடவே படாது. "ஐரோப்பாவுல எவனோ தோத்ததுக்கு இங்க எதுக்குக் கட்டடம்?"

வெற்றிலையை மடித்துக்கொண்டே மச்சானின் மனைவி மச்சி நிமிர்ந்து பார்ப்பார். "வெளிநாட்டுல ஒண்ணு நடந்தா ஊர்ல மாடி எழுப்புறது உங்களுக்குப் புதுசாக்கும்? மூணாவது மாடி எந்த வருச போனஸ்ல போட்டீங்க, சொல்லுங்க பாப்போம்!"