மாலையில் இருக்கிறது விதை

கேள்வி: சாமி மாலையில் வந்த கோழிக்கொண்டையை உதிர்த்து விதைத்தால் முளைக்குமா? நர்சரியில் நாற்றாகவே வாங்கிவிடலாமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: பூ முதிர்ந்திருந்தால் முளைக்கும். சிலிர்த்து நிற்கும் உச்சியில் தேடாதீர்கள். அங்கே அலங்காரம் மட்டும்தான். கொண்டையின் அடிப்பக்கத்தைத் தட்டினால் கடுகைவிடச் சிறிய, பளபளக்கும் கறுப்பு விதைகள் உதிரும். வெளுத்தவை பிஞ்சு. திண்டுக்கல், நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு வரும் பூ மாலைக்காகப் பறித்தது, விதைக்காக அல்ல. அதனால் சில பூக்கள் கையை விரிக்கும். முதிர்ந்த ஒன்று கிடைத்தாலும் தோட்டத்துக்குப் போதும்.

நாற்றைவிட விதைக்கே என் ஓட்டு. வேரைக் கலைத்தால் இந்தச் செடிக்கு ஆகாது. சின்னப் பையில் வேர் சுருண்டு நின்ற நாற்று, குட்டையாக இருக்கும்போதே அவசரமாகப் பூத்து ஓய்ந்துவிடும். எறும்பு தூக்கிப் போகுமே, மழை அடித்துப் போகுமே என்பீர்கள். நியாயம்தான். மணலோடு கலந்து தூவி, மண்ணை மூடியும் மூடாமலும் விட்டு, பூவாளியால் தெளியுங்கள். ஐப்பசி அடைமழையில் நாற்றழுகல் வரும். தை போய் வெயில் ஏறட்டும். பத்து நாளுக்குள் முளைவிடும். நீர் தேங்காத செம்மண் என்றால் இன்னும் நல்லது. தாய்ச்செடியின் நிறமே வருமா? கலப்பின விதைக்கு உத்தரவாதம் இல்லை. பக்கத்தில் வேறு நிறம் பூத்திருந்தாலும் மாறலாம். நெருக்கமாக முளைத்தால் ஒரு சாண் விட்டுக் கலைத்துவிடுங்கள். வயலில் தானாக முளைக்கும் பண்ணைக்கீரையும் இதே இனம்தான். பிடுங்கிய இளசுகளைப் பருப்போடு கடையலாம், மருந்து அடிக்காதவரை.