அணைக்கட்டு கப்பல் ஏறிய கதை

கே: போட்டித் தேர்வுக்குப் படிக்கிறேன். 'அனிகட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'டேம்' என்று பொருள் எழுதி வைத்திருக்கிறேன். சரிதானே?
– கல்லூரி மாணவி, ஸ்ரீரங்கம்

ப: பாதி மதிப்பெண் தருகிறேன். மீதிக்கு முக்கொம்பு அணைக்கட்டு வரை போய்வர வேண்டும். டேம் தண்ணீரைத் தேக்கும். 1934-இல் திறந்த மேட்டூர் அப்படி. அனிகட் தேக்காது. ஆற்றின் குறுக்கே தாழ்வாக நின்று, நீர்மட்டத்தைக் கொஞ்சம் ஏற்றி, போக வேண்டிய பக்கம் திருப்பிவிடும். வெள்ளம் வந்தால் மிச்சத்துக்கு வழிவிடும். மேட்டூர் பத்தாயத்தில் நெல் கொட்டி வைப்பவர் என்றால், முக்கொம்பு பாகம் பிரித்துக் கொடுக்கும் பெரியவர்.

கே: வெள்ளைக்காரருக்கு இந்தச் சொல் எங்கே கிடைத்தது?
– வாசகர், திருவானைக்காவல்

ப: உங்கள் ஊர் இருக்கும் ஸ்ரீரங்கம் தீவின் இரண்டு முனையிலும்தான் கிடக்கிறது! 'அணைக்கட்டு' என்பதே அவர்கள் வாயில் 'அனிகட்' ஆனது. மேற்கே முக்கொம்பு 'அப்பர் அனிகட்', அதாவது மேலணை. கிழக்கே கல்லணை 'கிராண்ட் அனிகட்'. காவிரியின் கிளையான கொள்ளிடம் பள்ளமானதால் காவிரித் தண்ணீரை அது இழுத்துக்கொள்ள, தஞ்சை வயல்கள் தவித்தன. அதைத் தடுக்கத்தான் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-38இல் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டினார். ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடுவதைக் கல்லணை கட்டிய நம் முன்னோரிடம் கற்றதாக அவரே எழுதியிருக்கிறார். அந்தப் பாடத்தோடு கோதாவரிக்குப் போய், தவளேஸ்வரத்தில் 1847 முதல் 1852 வரை இன்னொரு பெரிய அனிகட் எழுப்பினார். சொல்லைக் கொடுத்ததைவிட அந்த வித்தையைக் கொடுத்ததுதான் எனக்குப் பெருமை.

கே: வாக்கியத்தில் எப்படிப் போடுவது?
– வாசகி, உறையூர்

ப: உயிரொலியில் தொடங்குவதால் முன்னால் 'ஆன்' வரும். பன்மை 'அனிகட்ஸ்'. இலங்கையிலும் ராஜஸ்தானிலும் இந்தச் சொல் தாராளமாகப் புழங்குகிறது. லண்டன்காரரிடம் சொன்னால் விழிப்பார். அவருக்கு 'வியர்' என்றால்தான் புரியும். 2018 ஆகஸ்ட் 22 இரவு, முக்கொம்பில் கொள்ளிடம் பக்கம் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டபோது ஆங்கில நாளேடுகள் 'அப்பர் அனிகட்' என்றே எழுதின. அந்தச் செய்திகளைத் தேடிப் படியுங்கள். மதகுக்கு, கரைக்கு, உடைப்புக்கு என்று இன்னும் நாலைந்து சொல் சேர்ந்து கிடைக்கும்.

கே: உச்சரிப்பு?
– அதே மாணவி

ப: நேர்முகத் தேர்வில் முதல் அசையை அழுத்தி 'அனிகட்' என்று சொல்லுங்கள். பஸ்ஸில் மட்டும் 'முக்கொம்பு ஒண்ணு' என்றே டிக்கெட் கேளுங்கள்.