கரிகாலனும் என் தலையும்

டை அடிக்கும் ஞாயிறுகளில் எங்கள் வீட்டு காலிங்பெல்லை யாரும் தொடக்கூடாது. பழைய நைட்டி, தோளில் கிழிந்த துண்டு, காது மடலில் வாஸ்லின், கையில் பாலிதீன் உறை என்று குளியலறைக் கண்ணாடிமுன் நிற்பேன். கேஸ்காரர் சரியாக அப்போதுதான் வருவார்.

இவ்வளவு பாடுபட்டும் பலன் கொஞ்ச நாள்தான். முடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். அடுத்த கல்யாணம் வருவதற்குள், புதுத் தார்ச்சாலையில் நடுக்கோடு போட்டமாதிரி வகிட்டில் வெள்ளை பளிச்சிடும்.

ஒருநாள் தலை அரித்தது. பிறகு நெற்றி வீங்கியது. தோல் மருத்துவர் பாரா ஃபெனிலீன் டயமின் என்றார். சுருக்கமாக, பிபிடி. கறுப்புச் சாயங்கள் பெரும்பாலானவற்றில் முடியைக் கறுக்கவைக்கும் சரக்கு அதுதான். டையைக் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி, 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் போட வேண்டுமாம். அட்டையிலேயே எறும்பு எழுத்தில் போட்டிருக்கிறது. நாளைக்கு முகூர்த்தம் என்றால் இன்று ராத்திரி டை வாங்குகிற நாடு இது. 48 மணி நேரத்துக்கு எங்கே போவது?

"மருதாணி போடேன்" என்றாள் ஓரகத்தி. மருதாணி மட்டும் போட்டால் நரை செம்பட்டையாகும். கறுக்க வேண்டுமானால் அதன்மேல் அவுரியும் அரைத்துப் பூச வேண்டும். கடையில் விற்கும் 'கறுப்பு மருதாணி'ப் பொட்டலங்கள் பலவற்றில் அதே பிபிடி ஒளிந்திருக்கிறது. போதும்டா சாமி என்று விட்டுவிட்டேன்.

பாதி கறுப்பு, பாதி வெள்ளையாகத் திரிந்த காலத்தில் உறவினர்களின் பாசம் பொங்கி வழிந்தது. "உடம்புக்கு ஏதாவது முடியலையாடி?" என்றார் சித்தி. பணக் கஷ்டமா என்று நாத்தனார் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தார். 2011-இல் 'மங்காத்தா'வில் அஜித் நரையோடு வந்தபோது தியேட்டரே விசில் அடித்தது. அதே தலையோடு நான் ஒரு வளைகாப்புக்குப் போனால், "பேரன் பேத்தி எத்தனை?" என்கிறார்கள்.

என் கணவர் இன்னும் டை கட்சி. "சார், உங்கம்மாவை படியில பாத்துக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு காய்கறிக் கடைக்காரர் அவரிடம் சொன்னார். அன்றிலிருந்து அந்தக் கடையில்தான் காய் வாங்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்.

எனக்கு ஆறுதல் சொன்னவன் கரிகால் சோழன். வழக்குச் சொல்ல வந்த முதியவர்கள் 'இவன் சின்னப் பையனாயிற்றே' என்று தயங்க, அவன் நரைமுடி அணிந்து கிழவனாக வந்து தீர்ப்புச் சொன்னானாம். பழமொழி நானூற்றில் அந்தக் குறிப்பு இருக்கிறது. ஒரு பேரரசனே வேஷம் கட்டி வாங்கிய மரியாதை, எனக்குச் செலவில்லாமல் தலையில் முளைக்கிறது!

பலித்தும்விட்டது. எங்கள் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் நான் வாய் திறந்தால், முன்பெல்லாம் மினிட்ஸ் எழுதுகிறவர் பேனாவை மூடிவிடுவார். போன கூட்டத்தில், தண்ணீர் மோட்டாரை எந்த நேரத்தில் போடுவது என்று நான் பழைய யோசனையையே மறுபடி சொன்னேன். "பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒருமனதாக நிறைவேற்றினார்கள். இப்போது பார்க்கிங் பஞ்சாயத்தும் என்னிடம்தான். முதல் தீர்ப்பே, தூணை அடைத்து நிற்கும் என் கணவரின் ஸ்கூட்டருக்கு எதிராக. அப்பீல் செய்வாராம். தாராளமாகச் செய்யட்டும், முதலில் தலையை வெளுத்துக்கொண்டு வரட்டும்.