டார்சியின் வருமானம்

கேள்வி: ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' வெறும் கல்யாணக் கதைதானே?

பதில்: கல்யாணக் கதைதான், ஆனால் மாப்பிள்ளையின் குணம் தெரியுமுன் வருமானம் தெரிந்துவிடும் கதை! நாயகன் டார்சி நடன அரங்கில் நுழைந்த ஐந்து நிமிடத்தில், 'ஆண்டுக்கு 10,000 பவுண்டு' என்ற பேச்சு பரவிவிடுகிறது. நாயகி எலிசபெத்தின் தாய்மாமன் லண்டனின் சீப்சைடுப் பக்கம் வசிக்கும் வியாபாரி என்று டார்சியின் நண்பன் பிங்லியின் சகோதரிகள் சிரிக்கிறார்கள். அவர்கள் சொத்தே வியாபாரத்தில் வந்ததுதான். அது மட்டும் மறந்துபோகிறது.

1813இல் வந்த இந்த நாவலின் பெரிய சாமர்த்தியம் வேறு. 'அவள் நினைத்தாள்' என்று சொல்லாமலே எலிசபெத்தின் எண்ணங்களைக் கதைசொல்லியின் குரலில் கரைத்துவிடுகிறார் ஆஸ்டின். அவள் கணிப்பை உண்மையென்று எடுத்துக்கொண்டு டார்சியைப் பற்றி அவதூறு சொல்லும் விக்கமை நாமும் நம்புகிறோம். உண்மையை விளக்கி டார்சி எழுதிய கடிதம் வந்ததும், அவளோடு சேர்ந்து திரும்பத் திரும்பப் படித்து, நாமும் வெட்கப்படுகிறோம்.