தெரியுதா மாமா

வத்தேகம பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவர் இருப்பார். டவுனிலும் தெருவுக்கு ஒருவர் உண்டு. அவருக்கென்று ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் அது அடையாள அட்டையோடு சரி. ஊர் வைத்த பெயர் ‘தெரியுதா மாமா’. கூரையில் நின்றபடி உள்ளே இருப்பவர்களிடம் காலமெல்லாம் அவர் கேட்டுவந்த ஒரே கேள்வி அது.

1982 பெப்ரவரியில் ஜப்பான் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியபோது நாட்டிலேயே உயர்ந்த மலையான பிதுருதலாகலையில் கோபுரம் எழுப்பினார்கள். ஆனால் நமக்கும் அந்த மலைக்கும் நடுவில் எத்தனையோ மலைகள் நிற்கின்றன. அவை விட்ட வழியில்தான் அலை வரும். வந்த அலையைப் பிடிக்க மூங்கில் கம்பும் அலுமினிய அன்டனாவும் மாமாவும் தேவைப்பட்டார்கள்.

“இப்ப தெரியுதா?”

“கொஞ்சம் தெரியுது மாமா. மூஞ்சி ரெண்டா தெரியுது.”

“இப்ப?”

“ஐயோ, முன்னாடியே நல்லா இருந்திச்சி!”

கம்பை மாமா பிடித்திருக்கும்வரை படம் தெளிவாக இருக்கும், கையை எடுத்தால் போய்விடும். அதனால் உள்ளே படம் ஓட, வெளியே தகரத்தின் மேல் மாமா நின்றார். அவர் பார்த்த படங்களைவிடக் கேட்ட படங்களே அதிகம். வசனமெல்லாம் தலைகீழாகச் சொல்லுவார். கதாநாயகி யாரென்று கேட்டால் விழிப்பார்.

பிறகு டிஷ் வந்தது. லயத்துக் கூரைகளில் காளான் முளைத்ததுபோல வரிசையாக முளைத்தன. இலங்கைக் கம்பெனியின் டிஷ் ஒரு பக்கம் பார்க்கும், இந்தியாவிலிருந்து வந்த டிஷ் இன்னொரு பக்கம் பார்க்கும். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளாத லயம் என்று புதியவர்கள் நினைத்தாலும் ஆச்சரியமில்லை.

மாமாவின் தொழிலுக்கு டிஷ்ஷோடு வந்த டிஜிட்டல் செய்த கெடுதி வேறு. பழைய அலை பலவீனமானால் படம் மெல்ல மெல்ல மங்கும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் அழுவது மாமியாரா மருமகளா என்று ஊகித்துக்கொண்டு பார்க்கலாம். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. வந்தால் மூக்குத்தியின் கல்வரை தெரியும். அலை ஓரளவுக்குக் கீழே இறங்கினால் படம் சதுரம் சதுரமாக உடைந்து, அடுத்த நொடி திரை கறுத்துவிடும். “கொஞ்சம் தெரியுது மாமா” என்ற பதில் இதோடு ஒழிந்தது. மாமாவின் கைத்திறமை முழுவதும் அந்தக் ‘கொஞ்ச’த்தில்தான் இருந்தது.

ஆனாலும் அவர் அசரவில்லை. மழை பெய்தால் டிஷ் படுத்துவிடும் என்பது நமக்குத் தெரியும். ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் தாண்டி வந்த அலையை, கடைசிச் சில கிலோமீற்றரில் வத்தேகம மழைத்துளிகள் விழுங்கிவிடுகின்றன. மாமாவின் விளக்கம் இதைவிடச் சுருக்கமானது: “சட்டலைட் நனைஞ்சிருச்சு தங்கச்சி. காயட்டும்.”

அவருடைய பொற்காலம் 2010. அந்த ஜூலையில் இந்தியாவின் இன்சாட்-4பி செயற்கைக்கோளில் சூரியத் தகடு ஒன்று பழுதாக, அலைபரப்பிகளில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட் டிஷ் கம்பெனி, மலேசியாவின் மீசாட்-3 க்கு இடம் மாறியது. விண்வெளியில் நடந்த அந்தக் கோளாறுக்கு இங்கே டிஷ்ஷைக் கொஞ்சம் திருப்ப வேண்டியிருந்தது. அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பது மாமாவுக்கு மட்டும் தெரிந்த இரகசியம். லயம் லயமாக ஏறி இறங்கினார். பழைய மரியாதை திரும்பியது, பிளேன்டீயோடு வடையும் வந்தது.

ரீசார்ஜும் அவர் கையில்தான். இந்தியச் சந்தாவோடு வரும் டிஷ்ஷுக்கு இலங்கையில் உரிமம் கிடையாது. ஆகவே காகிதத்தில் நம் லயத்து அக்கா ஒருவரின் குடும்பம் தமிழ்நாட்டில் ஏதோ ஒரு முகவரியில் வசிக்கிறது. எந்த ஊர் என்று அக்காவுக்கே தெரியாது. பிரஜாவுரிமைக்காக இத்தனை காலம் போராடிய தோட்டத்து மக்களுக்கு, சீரியல் பார்ப்பதற்காக இன்னொரு நாட்டு முகவரியை இவ்வளவு சுளுவாக வாங்கிக் கொடுத்தவர் மாமா ஒருவர்தான். 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது ரீசார்ஜும் கூடவே ஏறியது. கேட்டவர்களிடம் “உலக மார்க்கட்டு” என்றார். அந்த வருஷம் கரண்டே பாதி நாள் இல்லாததால் யாரும் ரொம்பச் சண்டைக்குப் போகவில்லை.

தரைவழி ஒளிபரப்பையும் டிஜிட்டலாக்க அரசாங்கம் 2014 இல் ஜப்பானிய முறையைத் தேர்ந்தெடுத்தது. கொழும்பில் 350 மீற்றர் உயரத்துக்குத் தாமரைக் கோபுரத்தை எழுப்பி, 2022 செப்டெம்பரில் பொதுமக்களுக்குத் திறந்தும் விட்டார்கள். அதன் உச்சிக்கு டிக்கட் எடுத்துப் போய்வந்தவர்கள் நம்மூரிலும் இருக்கிறார்கள். அதிலிருந்து டிஜிட்டல் அலை வத்தேகம வந்து சேரும் நாளைப் பற்றி மாமாவைக் கேட்டால், “வரட்டும் பாப்பம், அதுக்கும் பெட்டி பூட்ட ஆள் வேணுமே” என்கிறார். கவலைப்படுகிற முகம் இல்லை அது.

அவருடைய இப்போதைய வித்தையைப் பார்க்க வேண்டும். வீட்டுப் பிள்ளை ரிமோட்டை வைத்து விளையாடி எதையோ அமுக்கியிருக்கும், திரை நீலமாகிவிட்டிருக்கும். மாமா வருகிறார். முதலில் பிளேன்டீ. பிறகு ஏணி. கூரையேறி டிஷ்ஷை இரண்டு தட்டுத் தட்டுகிறார், வானத்தைப் பார்த்துக் கண்ணைச் சுருக்குகிறார், “எல்.என்.பி. சூடாயிருச்சு” என்று கீழே கேட்கும்படி சொல்கிறார். இறங்கி வந்து, டீவிக்கும் நமக்கும் நடுவில் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, ரிமோட்டில் ஒரே ஒரு பட்டனை அமுக்குகிறார்.

“தெரியுதா?”

“தெரியுது மாமா!”

அந்தப் பட்டனின் பெயர் ‘சோர்ஸ்’. பெரும்பாலான ரிமோட்டில் மேல் பகுதியிலேயே இருக்கும். உங்கள் வீட்டுத் திரை நீலமானால் முதலில் அதை நீங்களே அமுக்கிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் மாமாவைக் கூப்பிடுங்கள். டீயை முன்பே கொடுக்கலாம், காசை மட்டும் படம் வந்த பிறகு கொடுங்கள்.